பூவலிங்கனார் நினைவுப் புல்வண்டி

நெட்டூரணிக்காரர்கள் எதையும் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே குறை அதுதான்.

அந்த ஊர் விளையாட்டுக் கழகத்துக்குப் பினாங்கிலிருந்து வந்திருந்த செல்வரத்தினம் என்பவர், காலமான தன் அப்பா பூவலிங்கனார் நினைவாக ஒரு புல்வெட்டும் வண்டி வாங்கிக் கொடுத்தார். தள்ளுகிற வண்டி அல்ல. ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுகிற வண்டி. சிவப்பு நிறம். முன்னால் பெரிய விளக்கு.

திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு வந்தது. மைதானத்துக் காற்று, ஏற்ற ஏற்ற அணைத்தது. கழகத் தலைவர் உரக்கடை மாயழகு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "வண்டியிலயே விளக்கு இருக்கே, அதை ஏத்திருவோம்" என்றார். செல்வரத்தினம் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது எங்கப்பா விளக்கு. அப்பா விளக்கு என்னைக்கும் அணையக் கூடாது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போனார்.

கூடாது என்றால் கூடாதுதான். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள். சாவி திருப்பியபடியே இருந்தால்தான் விளக்கு எரியும் என்பதால் சாவியை மஞ்சள் கயிறு போட்டுக் கட்டினார்கள். வண்டியை நிறுத்தச் சாவி தேவைப்படவில்லை. ஓட்டுகிறவர் சீட்டை விட்டு எழுந்தாலே இன்ஜின் நின்றுவிடும். பாதுகாப்புக்காகக் கம்பெனியில் அப்படி ஒரு ஏற்பாடு. ஆக, இன்ஜின் நிற்கும், விளக்கு நிற்காது. கொட்டகைக்குள் இராப்பகலாக எரிந்தது.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை.

இதனால் மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கலங்கியவர் கழகச் செயலாளர் ஜெராக்ஸ் கடை அருமைநாயகம். ஐம்பத்து நாலு வயது. இயல்பிலேயே கலங்குகிற மனிதர். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடி தெருமுனை வரை போய், பார்த்தோமா என்று யோசிப்பார். 'நான் ஒரு செயலாளரா, இல்லை, செயலாளர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒரு ஆளா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது அவருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய வழக்கம்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை யோசிக்காமல் பேசினார். பேசிய இடம், வண்டி வந்த அன்று நடந்த மச்சினன் வீட்டுக் காதுகுத்து. மச்சினன் வேலவேந்தன் பக்கத்து ஊர் மேலப்பட்டம் கழகத்தின் செயலாளர். பந்தியில் எல்லோர் முன்னாலும் அவன், "அத்தான், உங்க கிரவுண்டுல பந்து போனா ஆடு மேய்க்கிறவன்தான் எடுத்துக் குடுக்கணும். ஞாயித்துக்கிழமை பைனல்ஸை எங்க ஊருக்கு மாத்திருவோமா?" என்றான். சிரித்தார்கள். அருமைநாயகம் சாம்பார் கையோடு எழுந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு நீ வந்து செருப்பில்லாம நடந்து பாரு மாப்ளே. ஒரு புல்லு உன் கணுக்காலைத் தொட்டா, இந்த மீசையை எடுத்திர்றேன்."

"தொடலைன்னா என் மீசையை எடுத்திர்றேன்" என்றான் வேலவேந்தன்.

அருமைநாயகத்தின் முகத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அந்த மீசை ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் ஆளைத் தனக்கே அடையாளம் தெரியுமா என்பது அவருக்குச் சந்தேகம்.

கழகத்தின் பொருளாளர் பேக்கரி சந்தியாகு. அவருடைய ரொட்டி வேனைப் பக்கத்தில் நிறுத்தி, பாட்டரிக்குப் பாட்டரி வயர் போட்டால் புல்வண்டி கிளம்பியது. அந்த வழியிலேயே புல்லை வெட்டி முடித்திருக்கலாம். ஆனால் மதுரையில் இருக்கும் மெக்கானிக் ஜாபரிடம் போனில் கேட்டபோது அவர், "என்ன கோளாறுன்னு தெரியாம வெட்ட ஆரம்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். ஆரம்பிக்கவில்லை. தினமும் காலையில் கிளப்பினார்கள், கொட்டகை வாசலில் நின்ற இடத்திலேயே ஓடவிட்டார்கள், நிறுத்தினார்கள். புல் தன் பாட்டுக்கு வளர்ந்தது.

முதலில் ஜாபர் சொன்னது சின்ன வேலை.

"பாட்டரி முனையில அழுக்கு இருந்தா சார்ஜ் ஏறாது. வெந்நீர் ஊத்தி, பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க."

வெந்நீர் வந்தது. பழைய பிரஷ் வரவில்லை. மாயழகு வேப்பங்குச்சி ஆசாமி. குருவையா, அதாவது வண்டி ஓட்டுநர், விரலால் பல் தேய்ப்பவர். சந்தியாகுவும் அப்படித்தான். அருமைநாயகத்தின் பழைய பிரஷ்ஷை அவர் மனைவி முந்தின வாரம்தான் தூக்கிப் போட்டிருந்தார்.

"கடையில ஒண்ணு வாங்கிட்டா?" என்றார் சந்தியாகு.

"அது புதுசுல்ல" என்றார் மாயழகு. "அவரு பழசுன்னு தெளிவாச் சொன்னாரு."

"புதுசைப் பழசாக்கிட்டா?"

நியாயமான யோசனை. சந்தியாகு புது பிரஷ் ஒன்று வாங்கி வந்து, கொட்டகை வாசலில் உட்கார்ந்து பல் தேய்க்க ஆரம்பித்தார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, பழசாகிவிட்டதா என்று அவ்வப்போது வாங்கிப் பார்த்தார்கள். உச்சி வெயில் வந்தபோது பிரஷ் ஓரளவு பழசாகியிருந்தது. சந்தியாகுவின் ஈறு முழுக்கப் பழசாகியிருந்தது. அன்று அவரால் தன் கடை ரொட்டியைக்கூடக் கடிக்க முடியவில்லை. பாட்டரி முனைகள் பளபளவென்று மின்னின.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை.

"சரி, மீட்டர் வச்சுப் பார்த்திருவோம்" என்றார் ஜாபர். "ஒயர்மேன் யாருகிட்டயாவது ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போது பாட்டரியில சிவப்புக் கம்பியை ப்ளஸ்ல, கறுப்பை மைனஸ்ல வைங்க. பதினாலு காட்டினா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம்."

மீட்டர் வந்தது. வண்டியைக் கிளப்பினார்கள். அப்போதுதான் ஒரு பெரிய சிக்கல் தெரிந்தது. பாட்டரி சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டைத் தூக்கினால்தான் பாட்டரி தெரியும். குருவையா எழுந்தால்தான் சீட்டைத் தூக்கலாம். குருவையா எழுந்தால் இன்ஜின் நின்றுவிடும்.

நால்வரும் வெகு நேரம் வண்டியைப் பார்த்தபடி நின்றார்கள். அருமைநாயகத்துக்கு இது வண்டியின் சிக்கலாகத் தோன்றவில்லை. தன் வாழ்க்கையையே யாரோ சீட்டுக்கு அடியில் வைத்தது போல இருந்தது.

"குருவையாவுக்குப் பதிலா யூரியா மூட்டையை சீட்டுல வச்சா?" என்றார் சந்தியாகு, ஈறைப் பிடித்துக்கொண்டு.

"வச்சுட்டு?"

"மூட்டையோட சேர்த்து சீட்டைத் தூக்கிருவோம்."

மாயழகு தன் உரக்கடைத் தராசில் குருவையாவை ஏற்றி நிறுத்துப் பார்த்தார். மூட்டை நாற்பத்தைந்து கிலோ. குருவையா நாற்பத்து மூன்று.

"ரெண்டு கிலோ லாபம்" என்றார் மாயழகு. "குருவையாவையே தூக்குவோம்."

சீட்டின் திருகாணிகளைக் கழற்றினார்கள். அடியிலிருந்த சுவிட்ச் ஒயரை மட்டும் கழற்றவில்லை. குருவையா சீட்டில் சம்மணம் போட்டு உட்கார, ஒரு பக்கம் மாயழகும் மறுபக்கம் சந்தியாகுவும் சீட்டோடு அவரைத் தோளுயரத்துக்குத் தூக்கினார்கள். கீழே இன்ஜின் ஓடியது. மேலே குருவையா கண்ணை மூடிக்கொண்டார். ரோட்டில் போன ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அருமைநாயகம் சீட்டுக்கு அடியில் குனிந்து மீட்டரைப் பார்த்தார். பதினாலு காட்டியது. நம்பாமல் மறுபடி பார்த்தார். தன் கண்ணையே நம்பாமல் மூன்றாவது முறை பார்த்தார்.

"செயலாளரே, சீக்கிரம்" என்றார் மாயழகு, கழுத்து நரம்பு புடைக்க.

"பதினாலுதான் காட்டுது. ஆனா நான் சரியாப் பாக்குறேனான்னு..."

"நீங்க உங்களைப் பத்தி அப்புறமா யோசிங்க. எனக்குத் தோள்பட்டை போகுது."

ஜாபர் போனில் சந்தோஷப்பட்டார். "அப்போ சார்ஜிங் நல்லா இருக்குங்க! வண்டி நிக்கும்போது ஏதோ ஒண்ணு கரண்ட்டை இழுக்குது. லைட்டு கிட்டு ஏதாவது எரியுதா?"

அருமைநாயகம் போனை மூடிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார். "லைட்டு எரியுதான்னு கேக்குறாரு."

மூவரும் திரும்பிக் கொட்டகைக்குள் பார்த்தார்கள். சுவரில் ஒரு குண்டு பல்பு இருந்தது. அது எரியவில்லை. வண்டியின் முன்னால் பூவலிங்கனார் எரிந்துகொண்டிருந்தார்.

"லைட்டு எதுவும் எரியலைன்னு சொல்லுங்க" என்றார் மாயழகு.

"எரியலைங்க" என்றார் அருமைநாயகம்.

"அப்போ எனக்குப் புரியலை" என்றார் ஜாபர். "ராத்திரியில யாரோ இழுக்குறாங்க."

யாரோ இழுக்கிறார்கள் என்றால் திருட்டு. விஷயம் இப்போது தெளிவாகிவிட்டது. மேலப்பட்டத்துக்காரர்கள் இரவில் ஒயரோடு வந்து கரண்ட்டை இழுத்துக்கொண்டு போகிறார்கள். குருவையாவைக் காவலுக்குப் போட்டார்கள்.

"இருட்டுல திருடன் வந்தா எப்படித் தெரியும்?" என்று குருவையா கேட்டார்.

"அதான் அய்யா விளக்கு இருக்கே" என்றார் மாயழகு. "வெளிச்சத்துக்கு என்ன குறை?"

குருவையா விடிய விடிய அந்த வெளிச்சத்தில் கண் கொட்டாமல் காவல் இருந்தார். யாரும் வரவில்லை. விடியும் நேரத்தில் விளக்கு மட்டும் கொஞ்சம் மங்கியது, அய்யாவுக்குத் தூக்கம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பவில்லை.

அன்று சனிக்கிழமை. புல் முழங்காலை எட்டிக்கொண்டிருந்தது. மாலையில் அருமைநாயகம் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று மீசையைக் கையால் மூடிப் பார்த்தார். கண்ணாடியில் நின்றவர் யாரோ கடன் கேட்க வந்தவர் மாதிரி இருந்தார். 'இந்த ஆள் சொல்லை நான் நம்புவேனா? மாட்டேன். மீசை இருக்கும்போது மட்டும் ஏன் நம்பினேன்?' இப்படியே போய்க்கொண்டிருந்தவரை மனைவி சண்முகக்கனியின் குரல் நிறுத்தியது.

"என்னங்க! மறுபடியும் பாத்ரூம் லைட்டைப் போட்டுட்டு வந்துட்டீங்களா? ஆள் இல்லாத இடத்துல விளக்கு எரிஞ்சா கரண்ட்டு போகாதா? எத்தனை தடவை சொல்றது?"

அருமைநாயகம் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சொன்னே?"

"லைட்டை அணைங்கன்னு சொன்னேன்."

"இல்ல, அதுக்கு முன்னாடி."

"அதுக்கு முன்னாடி இருபத்தாறு வருஷமா அதைத்தான் சொல்றேன்."

அவர் சட்டைகூட மாற்றாமல் ஓடினார். பாதி வழியில், 'ஒருவேளை நான் நினைப்பது தவறாக இருந்தால்?' என்று நின்றார். 'சரியாக இருந்தால், இத்தனை நாள் நான் யார்?' என்று மறுபடி ஓடினார். மற்ற மூவரையும் கொட்டகையில் கூட்டி விஷயத்தைச் சொன்னார்.

"அதாவது," என்றார் மாயழகு மெதுவாக, "கரண்ட்டைத் திருடுறது பூவலிங்கம் அய்யாங்கிறீங்க."

"திருடுறாருன்னு சொல்லலை. எரியுறாரு."

"செத்துப்போன மனுஷனைத் திருடன்னு சொல்றது நல்லா இல்ல செயலாளரே."

"விளக்கை அணைச்சுட்டா சரியாயிரும்" என்றார் அருமைநாயகம், தன் காதிலேயே விழாதபடி.

குருவையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் சந்தியாகுவுக்கு ஈறு வலியிலும் ஒரு வழி தோன்றியது. "பினாங்குக்காரரு, அப்பா விளக்கு அணையக் கூடாதுன்னுதான் சொன்னாரு. இந்த விளக்குதான்னு சொல்லலையே. ஒரு அரிக்கேன் விளக்கை ஏத்தி வண்டி முன்னால தொங்க விட்டுட்டு, அப்புறம் இதை அணைப்போம். காத்துக்கும் அணையாது."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாயழகு மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு விளக்கிலிருந்துதான் இன்னொரு விளக்கை ஏற்ற வேண்டும். தீக்குச்சி போட்டு ஏற்றினால் அது வேறு விளக்கு. பூவலிங்கனார் நடுவில் அணைந்தவர் ஆகிவிடுவார். பழைய விளக்கோ அதற்குள் அணையப் போகும் நிலையில் இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரொட்டி வேன் வந்து, வயர் போட்டு, வண்டி கிளம்பி, விளக்கு பளிச்சென்று எரிந்த பிறகு சடங்கு தொடங்கியது.

குருவையா அரிக்கேனின் திரியைத் தூண்டி, முகப்பு விளக்கின் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். பற்றவில்லை. திரியை நீட்டிப் பிடித்தார். பற்றவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்டக்க" என்றார் மாயழகு.

"கண்ணாடி இடிக்குது தலைவரே."

"அய்யா கோவமா இருக்காரு. செயலாளர் திருடன்னு சொன்னதுக்கு."

அருமைநாயகம் விளக்கைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு மணியைப் பார்த்தார். எட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். சந்தியாகு நல்ல மனிதர். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டபோது, பேக்கரி அடுப்பு பற்றவைக்கிற லைட்டரைப் பின்பக்கமாக நீட்டித் திரியைப் பற்றவைத்துவிட்டுத் தானும் கண்ணை மூடிக்கொண்டார். கண் திறந்தபோது அரிக்கேன் எரிந்தது. மாயழகு அழுதுவிட்டார். பிளாஸ்திரியைப் பிய்த்து முகப்பு விளக்கை அணைத்தார்கள்.

இனி வெட்ட வேண்டியதுதான். ஆனால் ஜாபர் முந்தின நாளே ஒன்று சொல்லியிருந்தார்: "வெட்டும்போதும் மீட்டரை ஒரு கண்ணு பார்த்துக்கிட்டே இருங்க."

சீட்டு மறுபடியும் கழன்றது. குருவையா மறுபடியும் ஏறினார். இம்முறை இடுப்பளவுதான் தூக்கினார்கள், ஸ்டீயரிங் எட்ட வேண்டுமே. கால் எட்டாததால் ஒரு கையில் கிரிக்கெட் ஸ்டம்ப்பைப் பிடித்து அதால் மிதிகட்டையை அழுத்தினார். அரிக்கேன் முன்னால் ஆடியது. இரண்டு பக்கமும் மாயழகும் சந்தியாகுவும் சுமந்தபடி ஓட, பின்னால் அருமைநாயகம் குனிந்த முதுகோடு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் மீட்டரைப் பார்த்தபடி ஓடினார். ஒரு கண் என்றுதானே ஜாபர் சொல்லியிருந்தார்.

மைதானம் முழுவதையும் அப்படியே சுற்றி வெட்டினார்கள். பதினாலு இறங்கவே இல்லை. அருமைநாயகத்தின் முதுகுதான் நிமிரவே இல்லை.

எட்டு மணிக்கு மேலப்பட்டம் ஆட்டக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். கடைசிச் சுற்று போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பையன்கள் சப்பரம் வருகிறதென்று ஷூவைக் கழற்றினார்கள். வேலவேந்தன் மட்டும் வாயைப் பிளந்து நின்றான்.

"அத்தான், என்ன இது?"

"பேசாத மாப்ளே. நடந்து பாரு" என்றார் அருமைநாயகம், தரையைப் பார்த்தபடி. வேறெங்கும் பார்க்க அவரால் முடியவில்லை.

வேலவேந்தன் செருப்பைக் கழற்றி விட்டு நடந்தான். எல்லை ஓரமாக, நடுவாக, குறுக்காக நடந்தான். எந்தப் புல்லும் அவன் கணுக்காலைத் தொடவில்லை. தேடிப்போய் ஒரு இடத்தில் உட்கார்ந்து காலை உரசிப் பார்த்தான். அதுவும் பலிக்கவில்லை.

ஆண்மகன்தான். டீ இடைவேளைக்குள் சலூனுக்குப் போய் மீசையை எடுத்துவிட்டு வந்தான். மேலுதடு வெறிச்சென்று, உரித்த முட்டை மாதிரி இருந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை இங்க இன்னொரு மேட்ச் இருக்குல்ல அத்தான்? அதே பந்தயம். உங்க மீசைக்கு எதிரா எங்க கழகத்துக் கோப்பை" என்றான்.

அருமைநாயகம் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக யோசிக்காமல், "சரி" என்றார். இனி என்ன பயம்? கோளாறு கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்தவர் அவரே.

அன்று சாயங்காலம் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை போனவர், வழக்கம்போலத் திரும்பி வந்தார். உள்ளே குருவையா படுக்கை விரித்துக்கொண்டிருந்தார். அரிக்கேன் வண்டியின் மூக்கில் அமைதியாக எரிந்தது.

"குருவையா, மண்ணெண்ணெய் தீர்ந்தா அணைஞ்சிருமே. அணைஞ்சா செல்வரத்தினத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? எரியுதா எரியுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"ராத்திரி இருட்டா இருக்குமே செயலாளரே. இருட்டுல எரியுதா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?"

அருமைநாயகம் யோசித்தார். இப்போதெல்லாம் அவருக்குத் தன் யோசனை மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

"வண்டியில லைட்டு இருக்குல்ல? அதைப் போட்டுப் பாரு."

திங்கட்கிழமை காலையில், சண்முகக்கனி காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது குருவையாவிடமிருந்து போன் வந்தது.

"செயலாளரே, வண்டி கிளம்பலை."

"விளக்கு?"

"விளக்குக்கு ஒரு குறையும் இல்ல. விடிய விடிய லைட்டைப் போட்டு வச்சு அதையே பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நிமிஷம்கூட அணையலை."

அருமைநாயகத்தின் கை தானாகவே மீசைக்குப் போனது. அங்கே இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பிறகு, சரியாகத்தான் பார்த்தோமா என்று கண்ணாடி முன் போய், பட்டப்பகலில் லைட்டைப் போட்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு பழைய பிரஷ் கிடைக்குமா கனி?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.